சேது எழுதிய செப்புக்காசு

நெடுந்தீவில் வளவு கொத்தும்போது, வேலணையில் பூவல் தோண்டும்போது, மாரி மழை கழுவிவிட்ட மணற்கரையில் நடக்கும்போது ஒரு பச்சை வட்டம் கண்ணில் பட்டால், அது முதலில் போய்ச் சேரும் இடம் குசினிதான். பழப்புளி கரைத்த தண்ணீரில் ஓர் இரவு ஊறும். விடிந்ததும் அடுப்புச் சாம்பல் தொட்டுத் தேய்ப்பார்கள். குத்துவிளக்கு மினுக்கிப் பழகிய கைகள் அவை. செப்பு பளபளவென்று வந்துவிடும். அந்தப் பச்சையோடு சேர்ந்து, காசின் மேல் அறுநூறு, எழுநூறு ஆண்டுகளாக ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு தமிழ் எழுத்துகளும் போயிருக்கும்.

அந்த இரண்டு எழுத்துகள் ‘சேது’. அவற்றைத் தாங்கிய காசுகளை நாணயவியலாளர் சேது நாணயங்கள் என்று அழைக்கிறார்கள். யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகள் வெளியிட்டவை என்று இன்று பெரும்பாலோர் ஏற்றுக்கொண்ட இந்தக் காசுகள்தாம் வடபுலத்தில் பழங்காசு தேடுகிற எவரும் முதலில் விரும்புபவை. ஆனால் தீவகம் எனப்படும் இந்த யாழ்ப்பாணத் தீவுகளுக்கும் அவற்றைச் சுற்றிய மண்ணுக்கும் உரிய உலோகச் சான்றுகள் இவை மட்டும் என்றில்லை. இலட்சுமித் தகடு, வெண்கல முத்திரை, ஒல்லாந்தர் துட்டு, முதலியார் பதக்கம், மலாயாவிலிருந்து வந்த வெள்ளிக்காசு என்று இரண்டாயிரம் ஆண்டுக் கதை இங்கே சிறு சிறு வட்டங்களாகச் சிதறிக் கிடக்கிறது. இவை யாருடையவை, எந்தக் காலத்தவை, இவற்றைச் சேர்க்கிறவர் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்ற கேள்விகளை ஒன்றாக வைத்துப் பார்க்கவேண்டிய நேரம் வந்துவிட்டது.

முதலில் காசைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். பரவலாகக் கிடைக்கும் சேது நாணயம் ஒரு விரல்நுனி அகலமுள்ள செப்பு வட்டம். எடை நாலு கிராம் அளவில் இருக்கும். தலைப்பக்கத்தில் நின்றநிலையில் ஒரு மன்னன், பக்கத்தில் விளக்கு. பூப்பக்கத்தில் படுத்திருக்கும் நந்தி, அதற்கு மேலே பிறை, கீழே ‘சேது’. எழுத்தைத் தேடும்போது ஒரு விஷயம் நினைவில் இருக்கவேண்டும். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறு வேறு கொம்பு எழுதும் வழக்கம் 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த திருத்தத்துக்குப் பின் பரவியது. பழைய காசில் ஒற்றைக் கொம்புதான் இருக்கும். இரட்டைச் சுழியைத் தேடுகிற கண்ணுக்குக் காசு ‘செது’ என்று பிழையாக எழுதப்பட்டதுபோலத் தெரியும். அது பிழையில்லை, அந்தக் காலத்து முறை.

கையால் அடித்த காசு இது. அச்சின் மேல் செப்பு வில்லையை வைத்து, மேலச்சைப் பிடித்து, சுத்தியலால் ஓங்கி அடிப்பார்கள். வில்லை சற்று விலகினால் நந்தியின் முகம் வெளியே போய்விடும். அல்லது ‘து’ பாதியோடு நின்றுவிடும். அதனால் ஒரே ஒரு காசை வைத்துக்கொண்டு முழு அச்சையும் படிப்பது அரிது. ஒன்றில் பிறை துலக்கமாக இருக்கும், இன்னொன்றில் விளக்கு, மூன்றாவதில் எழுத்து. பத்துக் காசுகள் ஓரிடத்தில் கிடைத்து, அந்தப் பத்தும் ஒன்றாகவே இருந்தால்தான் அச்சுக்கு அச்சு ஒப்பிட முடியும். கிடைத்த அன்றே அண்ணனுக்கு இரண்டு, கனடாவில் இருக்கும் மருமகனுக்கு நாலு, பழைய இரும்பு வாங்க வருகிறவருக்கு மிச்சம் என்று பிரித்துவிட்டால் அந்த ஒப்பீடு இனி ஒருபோதும் நடக்காது.

இந்தக் காசின் உருவம் திடீரென்று முளைத்ததில்லை. முதலாம் இராசராசன் வெளியிட்ட செப்புக்காசில் ஒரு பக்கம் நின்ற மனிதன், மறுபக்கம் அமர்ந்த மனிதன், அருகே நாகரி எழுத்தில் மன்னன் பெயர். சோழர் காலத்தில் ஈழத்தில் புழங்கிய இந்த வடிவத்தை, சோழர் போனபின்பும் இலங்கை மன்னர்கள் விடவில்லை. முதலாம் விசயபாகு, முதலாம் பராக்கிரமபாகு, நிசங்கமல்லன், லீலாவதி அரசி என்று வரிசையாக அதே நின்ற மனிதனையே தம் காசிலும் போட்டார்கள். சேது நாணயத்தில் நிற்பவனும் அதே வம்சத்து உருவம்தான். அமர்ந்த மனிதன் இருந்த பக்கத்தில் நந்தி வந்து படுத்துக்கொண்டது என்பதே பெரிய மாற்றம்.

இந்தத் தொடர்ச்சிதான் நெடுநாள் வழக்கொன்றைத் தீர்க்க உதவியது.

சேது என்றால் யாருக்கும் முதலில் நினைவுக்கு வருவது இராமேசுவரம். அடுத்து இராமநாதபுரத்துச் சேதுபதிகள். அதனால் 19ஆம் நூற்றாண்டு அறிஞர்கள் இந்தக் காசுகளைச் சேதுபதிகளின் கணக்கில் எழுதிவைத்தார்கள். இதை எதிர்த்து எழுதியவர் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கக் குரு ஒருவர். மானிப்பாயில் 1875இல் பிறந்து, இரயில்வேயில் வேலை பார்த்து, பின் அமலமரித் தியாகிகள் சபையில் சேர்ந்த சுவாமி ஞானப்பிரகாசர், யாழ்ப்பாண அரசரின் மறக்கப்பட்ட நாணயங்கள் என்று பொருள்படும் தலைப்பில் 1920இல் ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை வெளியிட்டார். முதலியார் செ. இராசநாயகம் 1926இல் வெளியிட்ட ‘பண்டைய யாழ்ப்பாணம்’ என்ற ஆங்கில நூலும் அதே முடிவுக்கு வந்தது. இடையில் 1924இல், கொழும்பு அருங்காட்சியக வெளியீடாக எச். டபிள்யூ. கொட்றிங்ரனின் இலங்கை நாணயங்கள் பற்றிய பெருநூல் வந்தது. இன்றும் இலங்கைக் காசு சேர்ப்பவர் தொடாமல் போகமுடியாத நூல் அது.

அவர்களுடைய வாதத்தின் பலம் ஒரே சான்றில் இல்லை. பல சான்றுகள் ஒரே பக்கம் சாய்வதில் இருக்கிறது. காசுகள் பெருந்தொகையாகக் கிடைப்பது யாழ்ப்பாணக் குடாநாட்டில். காசின் வடிவம் இலங்கைக் காசுகளின் வழிவந்தது. கேகாலை மாவட்டத்துக் கொட்டகமவில் உள்ள ஆரியச்சக்கரவர்த்தியின் தமிழ்க் கல்வெட்டு ‘சேது’ என்ற சொல்லோடுதான் தொடங்குகிறது. மற்றவர்கள் ‘ஸ்வஸ்தி ஸ்ரீ’ என்று தொடங்கும் இடத்தில் இவர்கள் சேது என்றார்கள். யாழ்ப்பாண அரசவையில் எழுந்த சோதிட நூலான செகராசசேகரமாலை அந்த மன்னரைச் சேதுவின் காவலராகவும் இடபக் கொடி உடையவராகவும் காட்டுகிறது. காசில் இருப்பதும் சேது, இடபம் இரண்டுமே.

காலக்கணக்கும் ஒத்துவருகிறது. சேதுபதி மரபு மதுரை நாயக்கரின் கீழ் எழுந்தது 1605 அளவில், சடைக்கத் தேவரோடு. காசின் உருவமும் எழுத்தும் அதற்கு முந்நூறு ஆண்டு முந்தியவை. இபின் பதூதா 1344இல் இலங்கையின் மேற்குக் கரையில் இறங்கி ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்து, முத்தும் கப்பலும் நிறைந்த அரசொன்றைப் பற்றி எழுதிவைத்தாரே, அந்தக் காலத்துக் கடைத்தெருக் காசு இது என்று கொள்வதில் தடையில்லை. 1619இல் பிலிப் டி ஒலிவேரா யாழ்ப்பாணத்தைப் பிடித்ததோடு அந்த அரசு முடிந்தது.

எதிர்வாதம் ஒன்றையும் சொல்லியாகவேண்டும். இதே காசுகள் இராமநாதபுரக் கரையிலும் கிடைக்கின்றன. அப்படியானால் யாருடையவை? பாக்குநீரிணையை ஒரு எல்லைக்கோடாக வைத்துப் பார்க்கிறவருக்கு இது சிக்கல். ஆனால் அந்தக் காலத்தில் அது ஒரு தெருவைப் போன்றது. காலையில் ஏறினால் மாலைக்குள் இறங்கக்கூடிய தூரம். ஆரியச்சக்கரவர்த்திகள் இராமேசுவரத்தோடு தங்கள் குலத்தையே இணைத்துப் பேசியவர்கள். காசு இரு கரையிலும் புழங்கியதில் வியப்பு எதுவும் இல்லை. புழங்காமல் இருந்திருந்தால்தான் காரணம் தேடவேண்டியிருக்கும்.

இந்தத் தெருவின் சந்திதான் தீவகம். ஊர்காவற்றுறை பழைய கல்வெட்டுகளில் ஊராத்துறை. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டை கா. இந்திரபாலா 1963இல் பதிப்பித்தார். பரதேசி வணிகர் ஊராத்துறையில் வந்து இறங்கவேண்டும். யானையும் குதிரையும் கொண்டுவந்த மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வணிகப் பண்டம் கொண்டுவந்த கலம் உடைந்தால் சரிபாதி என்று அது விதிக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் ஒரு துறைமுகத்துக்கு இவ்வளவு நுணுக்கமான சுங்க விதி எழுதப்பட்டது என்றால், அங்கே எத்தனை வகைக் காசு கைமாறியிருக்கும்! அதே நூற்றாண்டில் இரண்டாம் இராசாதிராசன் காலத்துத் திருவாலங்காட்டுக் கல்வெட்டு, பராக்கிரமபாகு ஊராத்துறையில் படை நிறுத்திப் படகு கட்டியதைச் சொல்கிறது. வேலணைத் தீவின் அல்லைப்பிட்டியில் ஜோன் கார்ஸ்வெல் 1977இல் கண்டெடுத்த சீனச் சொங் வம்சத்துப் பீங்கான் ஓடுகள், துறையின் வியாபாரம் எதுவரை நீண்டது என்பதற்கு மண்ணிலிருந்து வந்த சான்று.

அல்லைப்பிட்டி ஓடுகள் ஏன் பெறுமதியானவை? எங்கே, எந்த ஆழத்தில், எதனோடு சேர்ந்து கிடந்தன என்று எழுதிவைத்தார்கள். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் அவை உடைந்த கோப்பைத் துண்டுகள்.

தீவகத்துக்கு எதிர்க்கரையில் இதற்கு இன்னும் பழைய உதாரணங்கள் உண்டு. கந்தரோடையில் போல் ஈ. பீரிஸ் 1917 தொடக்கம் செய்த ஆய்வுகளில் பழங்காசுகளோடு இலட்சுமித் தகடுகளும் வந்தன. நீள்சதுரச் செப்புத் தகடு, ஒரு பக்கம் தாமரையில் நிற்கும் திருமகள், இருபுறமும் யானைகள், மறுபக்கம் சுவஸ்திகம். எழுத்து எதுவும் கிடையாது. இதைக் காசு என்பவர்களும் உண்டு, கோயிலுக்கு நேர்ந்து போட்ட காணிக்கை என்பவர்களும் உண்டு. இன்றைய மொழியில் சொன்னால் நாணயமா, பதக்கமா என்பதே விவாதம். 1970இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அருங்காட்சியகமும் கந்தரோடையில் அகழ்ந்தது.

ஆனைக்கோட்டையில் 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் ஒரு பெருங்கற்கால அடக்கத்தில் கண்டெடுத்த வெண்கல முத்திரை இன்னும் நல்ல பாடம். இரண்டு வரி; ஒன்றில் குறியீடுகள், மற்றதில் பிராமி எழுத்துகள். ‘கோவேந்த’ என்று படித்தார்கள். அந்த முத்திரை ஒரு பழம்பொருள் வியாபாரியின் மேசைக்கு வந்திருந்தால், எழுத்தை மட்டும் வைத்து இரண்டு நாள் பேசிவிட்டு விட்டிருப்பார்கள். எலும்புக்கூட்டின் அருகில், கறுப்பு சிவப்புப் பானைகளோடு கிடந்ததால்தான் அது வடபுலத்தின் ஆதிக் குடியிருப்புப் பற்றிய வரலாற்றையே திருப்பிப்போட்டது. பொ. இரகுபதி 1987இல் வெளியிட்ட யாழ்ப்பாணத்து ஆதிக் குடியேற்றங்கள் பற்றிய நூல், காரைநகர், வேலணைச் சாட்டி முதலிய தீவக இடங்களையும் சேர்த்து, மண்மேட்டையும் ஓட்டையும் ஊர்ப்பெயரோடு பதிந்து வைத்திருக்கிறது. தீவகத்தில் பழங்காசு சேர்க்க விரும்புகிறவர் முதலில் சேர்க்கவேண்டியது அந்த நூலை.

ஒல்லாந்தர் காலத்துக்கு வந்தால் காசு மலிந்துவிடுகிறது. 1658இல் ஊர்காவற்றுறைக் கடற்கோட்டையையும் யாழ்ப்பாணக் கோட்டையையும் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தவர்கள், தீவுகளுக்குத் தங்கள் ஊர்ப்பெயர்களை வைத்தார்கள். வேலணை லைடன், காரைநகர் அம்ஸ்ரர்டாம், நயினாதீவு ஹார்லெம், புங்குடுதீவு மிடில்பேர்க், அனலைதீவு ரொட்டர்டாம். நெடுந்தீவுக்கு வைத்த டெல்வ்ற் மட்டும் ஆங்கிலத்தில் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் செப்புக்காசில் ஒரு பெரிய வீ எழுத்தின் கைகளில் ஓவும் சீயும் தொங்கும். மறுபக்கம் காசு அடித்த மாகாணத்தின் கேடயம். அலையிலிருந்து எழும் சிங்கம் இருந்தால் அது சீலாந்து மாகாணத்துக் காசு, மிடில்பேர்க் நகரத்து அக்கசாலையில் அடித்தது. புங்குடுதீவில் ஒருவருக்கு அந்தக் காசு கிடைத்தால், தன் ஊருக்கு ஒருகாலத்தில் வைத்த பெயருள்ள நகரத்திலிருந்து வந்த காசைத்தான் கையில் வைத்திருக்கிறார். அதன் ஒல்லாந்தப் பெயர் டொய்ற். தமிழில் துட்டு. காசில்லை என்பதற்குத் துட்டில்லை என்று சொல்கிற யாரும் ஒல்லாந்தரை நினைப்பதில்லை.

ஐரோப்பாவிலிருந்து காசு வந்து சேராத காலத்தில் உள்ளூரிலேயே அடித்தார்கள். 1780களில் வந்த தடித்த கட்டிக்காசுகளில் ஒரு சிறு ரோமன் எழுத்து இருக்கும். கொழும்புக்கு சீ, காலிக்கு ஜீ, திருகோணமலைக்கு ரீ, யாழ்ப்பாணத்துக்கு ஐ. அழகில்லாத காசுகள்தாம், ஆனால் யாழ்ப்பாணத்தில் அடித்தது என்று தன் உடம்பிலேயே சொல்லும் காசு என்பதால், ஐரோப்பாவில் அடித்த பத்து டொய்ற்றுகளைவிட இப்படி ஒன்று பெறுமதி மிக்கது என்பதே இக்கட்டுரையின் கருத்து. வன்னியிலிருந்து கொண்டுவந்த யானைகளை ஊர்காவற்றுறையில் கப்பலேற்றி விற்ற காலம் அது. அதற்கு வந்த வராகனும் பொற்பணமும் எத்தனை கைமாறினாலும், மண்ணில் தங்கியது செப்புத்தான். பொன்னைத் தட்டாரிடம் கொடுத்தார்கள், செப்பைத் தவறவிட்டார்கள்.

இனிப் பதக்கம். யாழ்ப்பாணத்தில் பதக்கம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கும் கல் பதித்த நகை. வெள்ளைக்காரர் ஆட்சியில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருள் வந்தது. விசுவாசமாக வேலைசெய்த முதலியார்களுக்கு ஒல்லாந்தரும், பின் ஆங்கிலேயரும் சங்கிலியும் பதக்கமும் கொடுத்தார்கள். 1795-96இல் இலங்கையைக் கைப்பற்றிய படையெடுப்பில் வந்த வங்காளப் பீரங்கிப் படையின் இந்தியர்களுக்கு ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனி தனிப் பதக்கமே அடித்துக் கொடுத்தது: தங்கத்தில் 2, வெள்ளியில் 121. ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் பாரசீகம். இந்தத் தீவைப் பற்றிய பதக்கத்தில் இந்தத் தீவின் மொழி ஒன்றுகூட இல்லை.

அமெரிக்காவிலும் இதே வழக்கம் இருந்தது. செவ்விந்தியத் தலைவர்களுக்கு அதிபரின் உருவம் பொறித்த வெள்ளிச் சமாதானப் பதக்கங்களை வழங்கினார்கள். பிறகு அதே அச்சுகளைக்கொண்டு அரச அக்கசாலை வெண்கலப் படிகளை அடித்துப் பொதுமக்களுக்கு விற்றது. வெண்கலப் பதக்கம் சேர்க்கும் பழக்கம் அங்கே வளர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். பிறகு 1893இல் சிக்காகோ உலகக் கண்காட்சி வந்தது. விவேகானந்தர் சர்வமத சபையில் பேசிய அதே கண்காட்சி. இலங்கைக்கும் அங்கே தனி மண்டபம் இருந்தது. பரிசு பெற்றவர்களுக்கான வெண்கலப் பதக்கத்தின் முன்பக்கத்தை வடித்தவர் பெரும் சிற்பி ஒகஸ்டஸ் செயின்ட் கோடன்ஸ். 1930இல் நியூயோர்க்கில் பதக்கச் சிற்பத்துக்கென்றே ஒரு சங்கம் தொடங்கி, 1995 வரை ஆண்டுதோறும் புதிய வெண்கலப் பதக்கங்களை உறுப்பினர்களுக்கு அனுப்பியது. முதல் பதக்கம் லோரா கார்டின் பிரேசர் என்ற பெண் சிற்பியுடையது. சிற்பி களிமண்ணில் தட்டளவு வடிப்பார். ஒரு பொறி அதைச் சிறிதாக்கி உருக்கு அச்சில் வெட்டும். வெண்கலத்தை அடித்து, காய்ச்சி, மறுபடி அடித்து, உருவம் புடைத்து எழும்வரை விடமாட்டார்கள்.

அந்தப் பதக்கத்தோடு தபாலில் ஒரு சிறு துண்டுப்பிரசுரமும் வரும். சிற்பி யார், எதை நினைத்து வடித்தார் என்று அதில் இருக்கும். அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் பதக்கத்தைப் போலவே அந்தத் தாளையும் பத்திரப்படுத்துவார்கள். தாள் இல்லாத பதக்கத்துக்கு ஏதோ குறைகிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

நெடுந்தீவுச் செப்புக்காசுக்கு யாரும் தாள் எழுதிவைக்கவில்லை. அது கிடந்த மண்தான் அதன் துண்டுப்பிரசுரம். எந்தக் குறிச்சி, யாருடைய காணி, எத்தனை அடி ஆழம், பக்கத்தில் ஓடு இருந்ததா, சாம்பல் இருந்ததா, எலும்பு இருந்ததா, ஒன்றா பத்தா என்பவையெல்லாம் அதில் எழுதியிருக்கின்றன. காசை எடுத்துக்கொண்டு இந்த விவரத்தை விட்டுவிடுவது, நூலை வாங்கி அட்டையை மட்டும் கிழித்து வைத்துக்கொள்வதற்குச் சமம். வெடியரசன் கோட்டை என்று ஊரார் சொல்லும் நெடுந்தீவின் மேற்குப் பகுதியில் பழைய கட்டட அடித்தளங்களும் பிராமி எழுத்துள்ள கற்களும் இருக்கின்றன. அங்கே கிடைக்கும் ஒரு காசு அந்த இடத்தின் காலத்தைச் சொல்லக்கூடும். அதே காசு கொழும்பில் ஒரு அலுமாரிக்குப் போய்விட்டால் விலையை மட்டுமே சொல்லும்.

தனியார் சேகரிப்பைக் குற்றம் சொல்லிவிட்டு நகர்வது எளிது, ஆனால் அது நியாயமாகாது. தெற்கே திசமகாராமைக்கு அருகில் அக்குறுகொடவில் ஊரவர்கள் மண்ணை அரித்தெடுத்த பிராமி எழுத்துக் காசுகளை ஒஸ்மண்ட் போபெஆராச்சியும் ராஜா விக்கிரமசிங்கவும் 1999இல் நூலாக வெளியிட்டார்கள். அதில் தமிழ்ப் பெயர்களும் உண்டு என்று அறிஞர்கள் எடுத்துக்காட்டியது அதன் பிறகுதான். சேகரித்து வைத்தவர் இல்லாவிட்டால் அந்தக் காசுகள் உருகியிருக்கும். பாண்டியன் பெருவழுதி பெயர் பொறித்த சங்ககாலக் காசை அடையாளம் கண்டவரும் பல்கலைக்கழகப் பேராசிரியர் இல்லை. பத்திரிகை ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி. வடபுலத்தில் பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் பூநகரி முதலிய இடங்களில் களஆய்வு செய்து, அங்கே கிடைத்த காசுகளை இடப்பெயரோடு எழுதினார். சேகரிப்பவரும் ஆய்வாளரும் ஒருவர் கையை மற்றவர் பிடித்தபோது வரலாறு கிடைத்தது. ஆனாலும் அக்குறுகொடக் காசுகளின் காலத்தைப் பற்றி இன்றும் வாதிடவேண்டியிருப்பதற்குக் காரணம், அவை மண்படையில் வைத்துப் பார்க்கப்படாமல் அரித்தெடுக்கப்பட்டதுதான்.

தீவகத்துக்கு இன்னொரு துயரமும் உண்டு. 1990களின் தொடக்கத்தில் போரால் தீவுகளிலிருந்து மக்கள் பெருமளவில் இடம்பெயர்ந்தார்கள். மலாயாவில் வேலைபார்த்து ஓய்வூதியத்தோடு திரும்பிய தாத்தாமார் கொண்டுவந்த பவுண் காசுகள், மலாயா வெள்ளிகள், முடிசூட்டு விழாப் பதக்கங்கள் எல்லாம் பிஸ்கட் பேணிகளில் இருந்த வீடுகள் அவை. கையில் எடுத்தவர்கள் பொன்னை எடுத்தார்கள். செப்பும் வெண்கலமும் வீட்டோடு போயின. தப்பியவை இன்று ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் இருக்கின்றன. அந்தப் பேணியைத் திறந்து, எது யாருடையது, எந்த ஊரில் வாங்கியது என்று பிள்ளைகளுக்குச் சொல்லக்கூடியவர்கள் இப்போது எண்பது வயதைத் தாண்டிவிட்டார்கள். இதில் தாமதிக்க நேரமில்லை.

மறுபடி புளிக்கு வரலாம். தீவக மண் உப்பு மண். நூற்றாண்டுக் கணக்கில் உப்புநீரில் கிடந்த செப்பின் உள்ளே குளோரைடு சேர்ந்திருக்கும். மேலே படிந்த பச்சை இறுகி, பளபளப்பான கெட்டித் தோலாக இருந்தால் அது காசைக் காப்பாற்றும் போர்வை. எழுத்தின் விளிம்பு சில சமயம் அந்தத் தோலிலேதான் இருக்கும், அடியில் உள்ள செப்பில் இருக்காது. அதனால்தான் தேய்த்தால் எழுத்து போய்விடுகிறது. இதற்கு மாறாக, வெளிர்பச்சைத் தூளாக உதிர்ந்தால் அது நோய். வெண்கல நோய் என்றே பெயர். உள்ளே இருக்கும் குளோரைடு காற்றின் ஈரத்தையும் ஒட்சிசனையும் கண்டதும் அமிலத்தைப் பிறப்பிக்கும். அமிலம் செப்பைத் தின்னும். தின்றதிலிருந்து மறுபடி குளோரைடு. காசு முழுவதும் தூளாகும்வரை சுற்று நிற்காது. புளியில் போட்டால் தோல் உரிந்து, உள்ளே இருக்கும் நோய்க்குக் கதவு திறக்கும். அதற்குரிய வேதிச் சிகிச்சையைப் பயிற்சி பெற்ற பாதுகாப்பாளர் செய்யவேண்டும். வீட்டில் செய்யக்கூடியது ஒன்றே: உலர்ந்த இடத்தில், அமிலமில்லாத காகித உறையில் வைப்பது. மென்மையான பிவிசி பிளாஸ்டிக் உறை காலப்போக்கில் பிசுபிசுத்து, அதுவே பச்சை பிடிக்கவைக்கும். நல்ல நோக்கத்தோடு பிளாஸ்டிக் ஆல்பத்தில் வைத்துக் கெடுத்தவர்கள் ஏராளம்.

போலியைப் பற்றிச் சுருக்கமாக: அடித்த காசுக்கு விளிம்பில் இணைப்புக்கோடு இருக்காது. வார்ப்பில் செய்த போலிக்குப் பெரும்பாலும் இருக்கும். முகத்தில் நுண்ணிய குமிழிப் பள்ளங்களும் தெரியும். இரண்டு காசுகளில் ஒரே வெடிப்பு, ஒரே கீறல், ஒரே விலகல் இருந்தால் இரண்டும் ஒரே அச்சுவார்ப்பின் பிள்ளைகள்.

சட்டம் என்ன சொல்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி, 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முந்தியது தொல்பொருள். கண்டி உடன்படிக்கை கைச்சாத்தான நாள் அது. மண்ணுக்குள் கண்டெடுக்கப்படாமல் இருக்கும் தொல்பொருள் அரசுக்குச் சொந்தம். காணி உறுதி கையில் இருப்பதால் அடியில் கிடக்கும் காசும் சொந்தமாகிவிடாது. கண்டெடுத்தவர் அறிவிக்கவேண்டும். அனுமதிப்பத்திரம் இல்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக்கூடாது. ஆக, சேது நாணயமும் ஒல்லாந்தர் துட்டும் விமான நிலையத்தில் பயணப்பெட்டிக்குள் இருக்கவேண்டிய பொருள்கள் அல்ல. சட்டம் கடுமையாக இருப்பதனாலேயே பலர் கிடைத்ததை மறைக்கிறார்கள் என்பதும் உண்மை. கண்டெடுத்து அறிவித்தவரின் பெயரை அருங்காட்சியகத்தில் காசின் அருகே எழுதிவைக்கும் வழக்கம் வந்தால், மறைப்பது பெருமளவு குறையும். அதற்குப் பெரிய செலவும் ஆகாது.

கையில் வைத்துச் சேர்க்கும் ஆசைக்கு 1815க்குப் பிந்திய காசுகளே ஒரு ஆயுளுக்குப் போதும். 1870 என்ற ஆண்டோடு தொடங்கும் இலங்கையின் செப்புச் சதங்கள், 1957இன் புத்த ஜயந்தி ஐந்து ரூபா வெள்ளி, 2013இல் 25 மாவட்டங்களுக்கும் வந்த பத்து ரூபாக் காசுகள், 1995இன் தஞ்சாவூர் உலகத் தமிழ் மாநாட்டுக்காக இந்தியா வெளியிட்ட திருவள்ளுவர் காசு என்று வரிசை நீளும். கத்தோலிக்கக் குடும்பங்களில் பாட்டியின் செபமாலையோடு கிடக்கும் அற்புதப் பதக்கமும் இதில் சேரும். 1832இல் பாரிசில் முதன்முதல் அடித்த அந்தப் பதக்கம் உலகெங்கும் பரவியது போலத் தீவகத்துக்கும் வந்தது. பதக்கக் கலையில் அதைவிடப் பரவலான படைப்பைக் காட்டுவது கடினம்.

மண்ணிலிருந்து வருவது மட்டும் வேறு வகை. அதைக் கழுவவேண்டாம், தேய்க்கவேண்டாம், பங்குபோடவேண்டாம். கைபேசியில் இரு பக்கமும் படம் எடுத்து, பக்கத்தில் ஒரு அளவுகோலோ தீப்பெட்டியோ வைத்து, கிடைத்த இடத்தையும் ஒரு படம் எடுத்து, குறிச்சியின் பெயர், ஆழம், நாள், கூடக் கிடந்தவை ஆகியவற்றை ஒரு தாளில் பென்சிலால் எழுதி உறைக்குள் வைக்கட்டும். பிறகு தொல்பொருளியல் திணைக்களத்துக்கு அறிவிக்கட்டும். நல்லூர் நாவலர் வீதியில் உள்ள யாழ்ப்பாணத் தொல்பொருள் அருங்காட்சியகம், குறிகட்டுவானில் படகால் இறங்கியவருக்கு ஒரு பேருந்துப் பயணத் தூரத்தில்தான் இருக்கிறது.